மூன்று வாரமாகச் சூடேறிய சூரியன்

பத்து நாள் நான் பெரிய ஆளாக இருந்தேன். சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனா, கரும்புள்ளியோ சுடர்வெடிப்போ இல்லாத அமைதியான பகுதிகளில்கூட, மூன்று வாரமாக நாளுக்கு நாள் சூடேறிக்கொண்டே போவதாக என் வரைபடம் காட்டியது. அப்புறம் ஒரே நாளில் சடாரென்று பழைய வெப்பநிலைக்கு விழுந்தது. மறுபடி ஏறத் தொடங்கியது. பார்க்க ரம்பப் பல் மாதிரி இருந்தது. கொரோனா ஏன் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கிறது என்பதே இன்னும் முழு விடை கிடைக்காத கேள்வி. அதற்கு ஒரு புது வாசல் என் கணினியில் திறந்துவிட்டது என்று நினைத்து, கட்டுரைக்குத் தலைப்புகூட எழுதி வைத்திருந்தேன்.

குழுவில் மூத்தவரான ஓர் அக்காவிடம் காட்டினேன். அரை நிமிடம்தான் பார்த்தார்.

"பேக்அவுட் என்னைக்குன்னு பார்த்தியா, தம்பி?"

பார்க்கவில்லை. பேக்அவுட் என்றால் என்ன என்பதே அன்றைக்கு எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப்போய் அடுத்த சில மாதங்களில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்வெளித் தொலைநோக்கியின் எக்ஸ்-கதிர்ப் படங்களை முதல் தடவை கையில் எடுப்பவருக்குச் சில இரவுகளாவது மிச்சமாகும்.

நான் பயன்படுத்தியது ஹினோடே விண்கலத்தின் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி எடுத்த படங்கள். சுருக்கமாக எக்ஸ்ஆர்டி என்பார்கள். 2006 செப்டம்பரில் ஜப்பானின் உச்சினோரா ஏவுதளத்திலிருந்து போன கலம் அது. அமெரிக்க, பிரிட்டிஷ், ஐரோப்பிய அமைப்புகளும் அதில் பங்காளிகள். பெயருக்கு 'சூரிய உதயம்' என்று பொருள். எக்ஸ்-கதிரைச் சாதாரணக் கண்ணாடியில் நேராக விழவிட்டால் அது திரும்பி வராது, உள்ளே போய்விடும். குளத்தில் சாய்வாக எறிந்த ஓட்டுச் சில்லு தத்தித் தத்திப் போவதுபோல, கண்ணாடியை மிகச் சாய்வாக உரசிப் போகவிட்டுத்தான் அதைக் குவிக்க முடியும். அப்படிக் குவிந்த ஒளி 2048-க்கு 2048 பிக்சல் கொண்ட ஒரு சிசிடியில், அதாவது ஒளியை எண்ணாக மாற்றும் மின்னணு உணரியில், விழுகிறது. ஒரு பிக்சல் வானத்தில் சுமார் ஒரு வில்விநாடி, அதாவது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு. சூரியனின் மேல் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 730 கிலோமீட்டர்.

சிசிடிக்கு முன்னால் இரண்டு சக்கரங்களில் ஒன்பது எக்ஸ்-கதிர் ஃபில்டர்கள் இருக்கின்றன. அலுமினியம், டைட்டானியம், கார்பன், பெரிலியம் எனப் பல பொருள்களில், பல தடிமன்களில். மெல்லிய ஃபில்டர் நீண்ட அலைநீளக் கதிர்களையும் விட்டுவிடும். தடித்தது குறுகிய அலைநீளக் கதிர்களை மட்டும், அதாவது மின்னூட்ட வாயுவான பிளாஸ்மா சூடாக இருக்கும் இடத்தின் ஒளியை மட்டும் விடும். ஆகவே ஒரே இடத்தை இரண்டு ஃபில்டர்களில் எடுத்து, தடித்த ஃபில்டர் படத்தை மெல்லிய ஃபில்டர் படத்தால் வகுத்தால், அந்த விகிதத்திலிருந்து வெப்பநிலையைக் கணிக்கலாம். நான் செய்ததும் அதைத்தான். அலுமினிய வலை ஃபில்டர் ஒன்று, டைட்டானியம் பூசிய ஃபில்டர் ஒன்று. இரண்டு படம், ஒரு வகுத்தல். இதில் என்ன தப்பு வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

பேக்அவுட் கதைக்கு வருகிறேன். சிசிடியைக் குளிரவைத்துத்தான் இயக்குகிறார்கள். மைனஸ் 60 டிகிரி அளவில் அது இருக்கும். கலத்துக்குள் எங்கெங்கோ இருந்து கசியும் கரிம ஆவிகளுக்குக் குளிர்ந்த பரப்பு என்றால் கொண்டாட்டம். மழைக்காலத்தில் சன்னல் கண்ணாடியில் ஈரம் படிவதுபோல, நாளுக்கு நாள் கொஞ்சமாக வந்து படிகின்றன. அந்தப் படலம் தூசி போல எல்லா ஒளியையும் ஒரே அளவில் மறைத்திருந்தால் எனக்குப் பிரச்சினையே இல்லை. வகுக்கும்போது அடிபட்டுப் போயிருக்கும். ஆனால் அது நீண்ட அலைநீளத்தைத்தான் அதிகமாக விழுங்கும். மெல்லிய ஃபில்டர் படம் கூடுதலாக மங்கும், தடித்த ஃபில்டர் படம் குறைவாக மங்கும். விகிதம் மெல்ல ஏறும். விகிதம் ஏறினால் வெப்பநிலை ஏறியதாகக் கணக்கு சொல்லும்.

படிந்ததை விரட்ட, சில வாரங்களுக்கு ஒருமுறை சிசிடியைச் சுமார் 35 டிகிரி வரை சூடாக்குவார்கள். அதுதான் பேக்அவுட். படலம் ஆவியாகிப் போய்விடும். என் வரைபடத்தில் சூரியன் ஒரே நாளில் 'குளிர்ந்தது' அந்தத் தேதியில்தான். இயக்கப் பதிவேட்டில் தேதியைப் பார்த்தபோது காது மடல் சூடானது. அந்த மூன்று வாரத்தில் உண்மையில் சூடேறியது அது ஒன்றுதான்.

சரி, இது யாருக்கும் தெரியாத விஷயமா? இல்லை. மென்பொருளில் இதற்குத் திருத்தம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு தேதியிலும் சிசிடியிலும் ஃபில்டர்களிலும் எவ்வளவு தடிமன் படிந்திருந்தது என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, அந்தத் தேதிக்கான உணர்திறனைக் கணக்கிட்டுத் தரும். நானும் அதைத்தான் அழைத்தேன். ஆனால் உணர்திறன் கணக்கு நேரம் எடுக்கிறது என்று, புத்திசாலித்தனமாக அதை, ஒவ்வொரு படத்துக்கும் திரும்பத் திரும்ப ஓடும் நிரல் சுழற்சிக்கு வெளியே தூக்கி வைத்துவிட்டேன். முதல் படத்தின் தேதியை வைத்து ஒரே ஒரு முறை கணக்கிட்டு, மூன்று வாரப் படங்களுக்கும் அதையே போட்டேன். நிரல் பத்து மடங்கு வேகமாக ஓடியது. அந்த வேகத்துக்காக அன்று என்னை நானே தட்டிக்கொடுத்தது வேறு நினைவிருக்கிறது.

ஆக, உணர்திறனைக் கணக்கிடும்போது படம் எடுத்த தேதியை ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். வேகம் வேண்டுமென்றால் தேதிவாரியாகக் கணக்கிட்டுச் சேமித்துக்கொள்ளலாம். ஒரே நாளுக்குள் படலம் பெரிதாக மாறாது. ஆனால் பேக்அவுட் நடந்த நாளுக்கு முன்னும் பின்னும் ஒரே உணர்திறனை ஒருபோதும் போடாதீர்கள். இப்போது நான் காலத்தை வைத்து எந்த வரைபடம் போட்டாலும் பேக்அவுட் தேதிகளில் செங்குத்துக் கோடு போடாமல் போடுவதில்லை. உங்கள் 'கண்டுபிடிப்பு' அந்தக் கோடுகளோடு சேர்ந்து தாளம் போட்டால் அது சூரியனுடையது அல்ல.

நான் கவனித்திருக்க வேண்டிய இன்னொரு துப்பும் இருந்தது. சூரிய வட்டின் நடுவிலும், விளிம்பருகிலும், வடக்கிலும், தெற்கிலும் எடுத்த அமைதிப் பகுதிகள் எல்லாமே ஒரே வேகத்தில் சூடேறின. பல லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடங்கள் கூடிப் பேசி முடிவெடுத்ததுபோல் ஒன்றாக ஏறினால், கோளாறை அவற்றுக்கும் நமக்கும் நடுவில்தான் தேட வேண்டும்.

திருத்திய பிறகு கோடு கிட்டத்தட்ட மட்டமானது. கிட்டத்தட்டத்தான். சின்னச் சாய்வு ஒன்று மிச்சம் இருந்தது. இங்கேதான் அளவுத்திருத்தம் என்ற வேலையின் சுவாரசியமான பகுதியே தொடங்குகிறது என்பது என் கட்சி. அந்தப் படலம் என்ன பொருள் என்று யாரும் போய்ச் சுரண்டிப் பார்த்ததில்லை. ஆய்வாளர் நாருகாகேயின் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அது நீண்ட கரிமச் சங்கிலி கொண்ட ஒரு பொருள் என்று எடுத்துக்கொண்டு கணக்கைப் பொருத்தினார்கள். தடிமனை அறிய அவர்களுக்கு உதவியவற்றில் ஒன்று, இதே தொலைநோக்கி எடுக்கும் சாதாரண ஒளிப் படம். படலம் தடிக்கத் தடிக்க, எண்ணெய்ப் படலத்தில் நிறம் மாறுவதுபோல, குறுக்கீட்டு விளைவால் அந்தப் படத்தின் வெளிச்சம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் தடிமன் வரும். இன்னொரு துணை, அமைதியான சூரியனே. பல ஃபில்டர்களில் அதன் வெளிச்சம் காலப்போக்கில் எப்படிக் குறைந்தது என்று பார்த்தார்கள்.

இரண்டாவதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமைதியான சூரியனைத் துணையாக வைத்துத் திருத்திய ஒரு கருவியை எடுத்துக்கொண்டு, அமைதியான சூரியன் மெல்ல மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன் நான். அளவுகோலை அளக்க அதே அளவுகோல். இந்தக் கேள்விக்கு இந்தக் கருவி மட்டும் போதாது, வேறு கருவி ஒன்றின் சாட்சியம் வேண்டும் என்று அன்றே முடிவு செய்து அந்த ஆசையை ஓரம் கட்டினேன். எந்தத் திருத்தத்தையும் பயன்படுத்துமுன், அதை எதை மாறாததாக வைத்து உருவாக்கினார்கள் என்று ஒரு தடவை படித்துவிடுங்கள். நீங்கள் தேடும் பொருளும் அதுவாகவே இருந்தால் நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று: பேக்அவுட் சிசிடியைத்தான் சுத்தமாக்கும். ஃபில்டர்களில் படிந்தது அங்கேயே இருக்கும். அவற்றைச் சூடாக்க வழியில்லை. 2007-இல் பேக்அவுட் ஒன்றுக்குப் பிறகு சிசிடியிலேயே படலத்தின் ஒரு பகுதி போகாமல், திட்டுத் திட்டாகத் திரண்டு நின்றுவிட்டது. மெல்லிய ஃபில்டர் படங்களில் அவை கருந்திட்டுகளாகத் தெரியும். கொரோனாவில் ஓட்டை விழுந்ததுபோல் சின்ன வட்டங்கள் தெரிந்தால், அடுத்த படத்தைப் பாருங்கள். சூரியன் சுழல்கிறது, திட்டு அசையாது.

இவற்றை அழகாக நிரப்பித் தரும் நிரலும் உண்டு. சுற்றியுள்ள பிக்சல்களை வைத்துப் பள்ளத்தை மூடிவிடும். சுவரில் மாட்டவும் அட்டைப்படம் போடவும் நல்லது. கணக்குப் போடக் கூடாது. அந்த இடத்தில் இருப்பது அளவீடு அல்ல, ஊகம். படங்களைக் கணக்குக்குத் தயார்செய்யும் தயாரிப்பு நிரலிடம் கேட்டால், படத்தோடு சேர்த்து ஒவ்வொரு பிக்சலின் தரத்தையும் காட்டும் தர வரைபடம் ஒன்றைக் கொடுக்கும். எந்தப் பிக்சல் நிரம்பி வழிந்தது, எதில் திட்டு, எதில் தூசி, எது தானாகவே மினுக்கும் பிக்சல் என்று அதில் குறித்திருக்கும். நான் முதல் மூன்று மாதம் அதைக் கேட்கவே இல்லை. இப்போது அதைக் கேட்டு வாங்கி, குறி விழுந்த பிக்சல்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டுத்தான் அடுத்த வரி எழுதுகிறேன்.

தயாரிப்பு நிரல் செய்யும் மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐடிஎல் மொழியில் எக்ஸ்ஆர்டி-பிரெப் என்ற நிரல் இதைச் செய்கிறது. உணர்திறன் கணக்குக்கும் வெப்பநிலைக் கணக்குக்கும் பைத்தானில் எக்ஸ்ஆர்டிபை என்ற தொகுப்பு வந்துவிட்டது. ஒளியே விழாதபோதும் சிசிடி காட்டும் எண்ணைக் கழிக்கிறது. மின்னணுச் சுற்று ஏற்றும் வரிவரியான இரைச்சலை ஃபூரியே முறையில் பிரித்தெடுக்கிறது. ஓரத்தில் ஒளி குறைவதைச் சரிக்கட்டுகிறது. கேட்டால் எக்ஸ்போஷர் நேரத்தாலும், அதாவது சிசிடி ஒளியைச் சேர்த்த நேரத்தாலும், வகுத்துத் தருகிறது. பெரும்பாலும் இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

நம்பக் கூடாத இடம் கொரோனாத் துளை, அதாவது எக்ஸ்-கதிரில் கொரோனா இருண்டு தெரியும் பகுதி. அங்கே வெளிச்சமே, சிசிடி காட்டும் அளவில், சில எண்கள்தான். கழிக்கும் இருட்டுப் படத்தில் ஒரே ஓர் எண் பிசகினால், ஐந்து எண் வெளிச்சமுள்ள இடத்தில் அது இருபது சதவீதப் பிழை. சுடர்வெடிப்பில் அதே பிசகு தெரியவே தெரியாது. அதோடு, கீழே அனுப்பும் தரவின் அளவைக் குறைக்கப் பல படங்களைக் கலத்திலேயே ஜேபெக் முறையில் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். இருண்ட பகுதியை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள், எட்டுக்கு எட்டுப் பிக்சலில் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தக் கட்டங்களைக் 'கொரோனாத் துளைக்குள் நுண்ணமைப்பு' என்று நான் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அக்கா சிவப்பால் அடிக்கவில்லை. பக்கத்தில் எட்டுக்கு எட்டில் ஒரு கட்டம் வரைந்து திருப்பிக் கொடுத்தார்.

மங்கலான இடத்தில் நான் செய்த இன்னொரு அபத்தத்தையும் சொல்ல வேண்டும். கணினியின் வட்டில் இடம் போதவில்லை என்று, எக்ஸ்போஷர் நேரத்தால் வகுத்த படங்களை முழு எண்களாகச் சேமித்தேன். நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்த இருண்ட பகுதி முழுக்கச் சுழியமானது. சுழியத்தால் வகுத்து எல்லையற்ற வெப்பநிலை கொண்ட ஒரு கொரோனாவைப் பெற்றேன். இதையாவது யாரும் கண்டுபிடிப்பு என்று நம்ப மாட்டார்கள் என்பதில் ஓர் ஆறுதல்.

பளிச்சென்ற பக்கத்தில் சிக்கல் வேறு மாதிரி. கேமரா தரும் எண் 12 பிட், அதாவது 4095 வரை போகலாம். ஆனால் ஏறத்தாழ 2500-லேயே சிசிடி பிக்சல் நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் மின்னூட்டம் அண்டை பிக்சல்களுக்கு நெடுகில் வழியும். கோப்பில் 4095 வரை இடம் இருக்கிறதே என்று 3000-ஐ நம்பினேன். சுடர்வெடிப்பின் நடுவில் இரண்டு ஃபில்டரும் ஒரே மாதிரி நிரம்பியிருந்தன, விகிதம் ஒன்றுக்கு அருகில் நின்றது, வெப்பநிலை என்று ஏதோ ஒன்று வந்தது. அந்த எண்ணுக்கும் சூரியனுக்கும் சம்பந்தமில்லை. வெளிச்ச வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் ஒரே காட்சியைக் குறுகிய, நடுத்தர, நீண்ட எக்ஸ்போஷர்களில் எடுத்து ஒன்றாகத் தைக்கிறார்கள்.

பின்னிங்கையும் மறக்காதீர்கள். இரண்டுக்கு இரண்டு பிக்சலைச் சேர்த்துப் படித்த படத்தில் ஒவ்வொரு எண்ணும் நான்கு பிக்சலின் கூட்டுத்தொகை. எக்ஸ்போஷரால் வகுத்துவிட்டு, இதை மறந்து, முழுப் பிளவுத்திறன் படத்தோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு வித்தியாசம். படக்கோப்பின் தொடக்கக் குறிப்பான ஹெடரில் எல்லாம் எழுதியிருக்கிறது. படிக்காதது என் தப்பு.

இனி பிழைக்கணக்கு. எனக்கு மிகவும் பிடித்ததும், அதிகம் பேர் சறுக்குவதும் இங்கேதான். படத்தில் ஒரு பிக்சல் 100 என்று காட்டினால் அதன் பிழை என்ன? வர்க்கமூலம் எடுத்து 10 என்று எழுதினேன். பத்து சதவீதம், நல்ல அளவீடு. ஆனால் அந்த 100 என்பது 100 ஃபோட்டான் அல்ல. சிலிக்கனில் ஓர் எலக்ட்ரானைக் கிளப்பச் சராசரியாக 3.65 எலக்ட்ரான்வோல்ட் செலவாகிறது. ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்ட ஒற்றை எக்ஸ்-கதிர் ஃபோட்டான் 274 எலக்ட்ரான்களைக் கிளப்பும். இந்தக் கேமராவில் படத்தின் ஓர் எண், கிட்டத்தட்ட 60 எலக்ட்ரானுக்குச் சமம். ஆக, ஒரு ஃபோட்டான் வந்தாலே எண் நாலரை ஏறிவிடும். 100 என்பது வெறும் 22 ஃபோட்டான்தான். 22-இன் வர்க்கமூலம் நாலே முக்கால்கூட இல்லை. அதைத் திரும்ப எண்ணாக மாற்றினால் பிழை சுமார் 21. பத்து சதவீதம் என்று நான் நினைத்தது இருபதைத் தாண்டியது.

இதில் இன்னும் ஒரு முடிச்சு. ஒரு ஃபோட்டான் எத்தனை எண் ஏற்றும் என்பது அதன் ஆற்றலைப் பொறுத்தது. எந்த ஆற்றலில் எத்தனை வந்தன என்பது பிளாஸ்மாவின் வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்பநிலையைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பிழை நமக்கு வேண்டும். கோழியா முட்டையா கதைதான். நான் செய்வது இது: முதலில் தோராயமான வெப்பநிலை ஒன்றை எடுத்துக்கொண்டு பிழையைக் கணக்கிடுவேன், அதை வைத்து வெப்பநிலையைத் திருத்துவேன், இரண்டு மூன்று சுற்று ஓட்டுவேன். கணக்கு எங்காவது நிலைகொள்ளாமல் ஆடினால், அந்தப் பிக்சல்களுக்கு ஒற்றை வெப்பநிலை என்ற எண்ணமே பொருந்தவில்லை என்று விட்டுவிடுவேன். பெரும்பாலும் பார்வைக் கோட்டில் பல வெப்பநிலைகள் கலந்துதான் இருக்கும். ஃபில்டர் விகிதம் தருவது அவற்றின் ஒருவிதச் சராசரி. அதை வெப்பநிலைமானி காட்டும் எண் போலப் படிக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: ஃபோட்டான் பிழையை எக்ஸ்போஷரால் வகுப்பதற்கு முன் கணக்கிடுங்கள். வகுத்த பிறகு வர்க்கமூலம் எடுத்தால் அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. வெளியான சில வரைபடங்களில்கூடப் பிழைக்கோடுகள் சந்தேகப்படும்படி குட்டையாக இருப்பதற்கு இதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பிந்தைய ஆண்டுப் படங்களை எடுத்தபோது வேறொரு ஆச்சரியம் காத்திருந்தது. கொரோனாத் துளைகள் திடீரென்று வெளுத்திருந்தன. இந்த முறை கட்டுரைத் தலைப்பு யோசிக்கவில்லை. நேராகக் கருவியின் வரலாற்றைத் திறந்தேன். 2012 மே மாதம் தொலைநோக்கியின் முகப்பு ஃபில்டரில் ஊசித்துளை அளவில் ஏதோ பழுது ஏற்பட்டு, சாதாரண ஒளி உள்ளே கசியத் தொடங்கியிருக்கிறது. 2015-இல் கசிவு இன்னும் கூடியது, பிறகும் கூடியது. எக்ஸ்-கதிரோடு ஒப்பிட்டால் சூரியனின் சாதாரண ஒளி அசுர வெள்ளம். மயிரிழைத் துளை போதும். முந்தைய யோகோ விண்கலத்தின் மென் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியும் 1991-இல் ஏவிய அடுத்த ஆண்டே இதே மாதிரி முகப்பு ஃபில்டர் சேதத்தைச் சந்தித்தது. இவ்வளவு மெல்லிய தகடுகள் விண்வெளியில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிப்பதே பெரிது.

கசிவு எல்லாப் படத்தையும் ஒரே மாதிரி கெடுக்காது. சக்கரத்தில் இருக்கும் ஃபில்டர் சாதாரண ஒளியை எவ்வளவு தடுக்கிறதோ அதைப் பொறுத்தது. தடித்த பெரிலியம் படத்தில் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. மெல்லியவற்றில் சிலவற்றுக்குக் கசிவின் வடிவத்தைக் கழித்தே ஆக வேண்டும். அதற்கான கசிவுப் படங்களும் கழிக்கும் நிரலும் கிடைக்கின்றன. 2012 மேக்கு முன்னும் பின்னும் உள்ள படங்களை ஒரே தொடராகப் போடுகிறீர்கள் என்றால், திருத்திய பிறகும் அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

கொரோனாத் துளையில் இதெல்லாம் போக மிச்சமிருக்கும் வெளிச்சமும் முழுக்க அங்கிருந்தே வந்ததல்ல. கண்ணாடியின் நுண்ணிய சொரசொரப்பால் பளிச்சென்ற இடங்களின் ஒளி தூரம்வரை சிதறி, இருண்ட இடத்தில் விழுகிறது. எவ்வளவு சிதறுகிறது என்று எப்படித் தெரியும்? வானமே பரிசோதனை நடத்திக் கொடுத்தது. 2006 நவம்பரில் புதனும், 2012 ஜூனில் வெள்ளியும் சூரியனுக்குக் குறுக்கே போனபோது எக்ஸ்ஆர்டி படம் எடுத்தது. கிரகத்தின் இருண்ட பக்கத்தில் எக்ஸ்-கதிர் வர ஒரு வழியுமில்லை, அந்த வட்டம் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். இல்லை. அங்கே தெரிந்ததில் பெரும்பகுதி சிதறல். அதை வைத்துச் சிதறலின் வடிவத்தைப் பொருத்தி, படத்திலிருந்து நீக்கலாம். வெள்ளியில் அப்படி நீக்கிய பிறகும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அது என்ன என்பது பற்றித் தனி ஆய்வுக் கட்டுரையே வந்தது. எனக்கு இந்தக் கதை பிடிக்கும். கருவியின் குறையைத் தேடிப்போனவர்கள் கையில் கிரகத்தைப் பற்றிய கேள்வி ஒன்று மாட்டியது.

விண்கதிர் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை நீக்கும் வசதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புரோட்டான்கள் அதிகமுள்ள பகுதியைக் கலம் கடக்கும்போது படம் முழுக்க உப்பு தூவியதுபோல் இருக்கும். அப்போது அது தேவைதான். ஆனால் சும்மா எல்லாப் படத்துக்கும் போட்டுவிட்டால், ஒன்றிரண்டு பிக்சல் அளவில் மினுக்கும் உண்மையான சிறு வெடிப்புகளையும் அது விழுங்கிவிடும். நான் ஒரு மாதம் நுண்வெடிப்புகளைத் தேடினேன். என் நிரலின் மூன்றாம் வரியே அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தது.

கடைசியாகப் படங்களைப் பொருத்துவது. ஹெடரில் எழுதியுள்ள இருப்பிடம் சில வில்விநாடிகள், சமயத்தில் அதற்கும் மேலே விலகியிருக்கும். கலம் சூடாகிக் குளிரும்போது தொலைநோக்கியின் பார்வை மெல்ல நகர்கிறது. ஹினோடே பூமியைச் சுற்ற ஏறத்தாழ 98 நிமிடம். ஒரே சுற்றுக்குள்ளேயே அந்த நகர்வைப் பார்க்கலாம். இரண்டு ஃபில்டர் படங்கள் ஒரு பிக்சல் விலகியிருந்தாலும், கொரோனாவில் வளைந்து நிற்கும் ஓர் ஒளிச் சுருளின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் தெரியும். பார்க்க மிக அழகாக இருக்கும், அதனால்தான் ஆபத்து. சூரியனைப் பார்க்க 2010-இல் ஏவிய எஸ்டிஓ விண்கலத்தின் 335 ஆங்ஸ்ட்ராம் அலைநீளப் படங்களோடு ஒப்பிட்டுத் தயாரித்த திருத்த அட்டவணை ஒன்று இருக்கிறது. முதலில் அதைப் போடுங்கள். பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரு படத்தை வேண்டுமென்றே ஒரு பிக்சல் நகர்த்தி வெப்பநிலைப் படத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். அமைப்பு பக்கம் மாறினால் அது சுருளின் அமைப்பு அல்ல.

அந்த மூன்று வாரத் தொடரை எல்லாத் திருத்தங்களோடும் மறுபடி ஓட்ட இரண்டு நாள் பிடித்தது. கோடு மட்டமாக வந்தது, பிழைக்கோடுகள் முன்பைவிட இரண்டு மடங்கு நீளம். நடுவில் இரண்டு நாள் மட்டும் ஒரே ஒரு பகுதியில் லேசான மேடு. பக்கத்துப் பகுதிகளில் அது இல்லை, பேக்அவுட் கோட்டின் அருகிலும் இல்லை. காந்தப்புலப் படத்தைத் திறந்து பார்த்தேன். அதே இடத்தில் அதே நாளில் சின்னதாக ஒரு காந்த இருமுனை, அதாவது எதிரெதிர் முனைகளின் ஜோடி, முளைத்திருந்தது. வரைபடத்தை அக்காவுக்கு அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது:

"இந்த மேடு இருக்கட்டும். ஆனா இன்னொரு ஃபில்டர் ஜோடியிலயும் போட்டுப் பாத்துட்டு வா."